தட்டம்மை பெரியவர்களுக்கு வந்தால்: முதலில் கேட்க வேண்டியது பிறந்த வருஷம்

"மணல்வாரி பிள்ளைகளுக்கு வர்றதுல்ல? முப்பத்தஞ்சு வயசுக்காரருக்கு எப்படி வரும்?"

தட்டம்மை செய்தியில் அடிபடும்போதெல்லாம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எழும் கேள்வி இது. அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை இந்த நோய் வராமல் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை அபூர்வம். ஊரில் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்த கிருமி, பிறந்த சில வருஷங்களுக்குள் எல்லாரையும் பிடித்துவிடும். பிள்ளை நோய் என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான். எதிர்ப்பாற்றல் இல்லாத உடம்பு கிடைத்தால் அது வயது பார்ப்பதில்லை. பெரியவர் உடம்பில் பல சமயம் கூடுதல் மூர்க்கத்தோடும் நடந்துகொள்கிறது.

## முதலில் பெயர்க் குழப்பம்

அம்மை என்று நாம் ஒரே சொல்லில் அடக்குபவை தனித்தனிக் கிருமிகளால் வரும் தனித்தனி நோய்கள்.

1. பெரியம்மை: இந்தியாவில் கடைசியாகப் பதிவானது 1975இல். 1980இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

2. சின்னம்மை: நீர் கோத்த கொப்புளங்கள் வரும். அந்தக் கிருமி நரம்பில் தங்கி, வயதான காலத்தில் அக்கியாகத் திரும்பி வரலாம்.

3. தட்டம்மை: கொப்புளம் இருக்காது. தட்டையாகவும் சற்றுத் தடித்தும் செந்தடிப்புகள் வரும். நம் பக்கத்தில் மணல்வாரி என்பது பெரும்பாலும் இதைத்தான். மணலை வாரி இறைத்தாற்போல உடம்பெங்கும் பொரிந்திருக்கும்.

4. ருபெல்லா: தட்டம்மையின் இளைய உருவம் போலத் தெரியும், ஆனால் வேறு கிருமி. வந்தவருக்கு லேசாகப் போய்விடும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் கருவின் கண், காது, இதயத்தைப் பாதிக்கும்.

இந்தப் பட்டியலால் ஒரு பயன் உண்டு. "எனக்குச் சின்ன வயசிலேயே அம்மை போட்டிருச்சு, இனி வராது" என்று சொல்பவரிடம் எந்த அம்மை என்று கேட்க வேண்டும். சின்னம்மை வந்தவருக்குத் தட்டம்மை வரத் தடையேதும் இல்லை. கொப்புளத் தழும்பு ஒன்றிரண்டு முகத்தில் இருந்தால் வந்தது சின்னம்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தட்டம்மை பொதுவாகத் தழும்பு வைக்காது.

## பரவும் வேகம்

தட்டம்மைக் கிருமி ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். மனிதரைத் தவிர அதற்கு வேறு இருப்பிடம் கிடையாது. கொசு, தண்ணீர், சாப்பாடு எதற்கும் இதில் பங்கில்லை. இருமல், தும்மல், பேச்சு, மூச்சு வழியாக வெளியேறும் நுண்துளிகளில் காற்றோடு போகிறது. நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் தொற்றும் நிலையிலேயே இருக்கும்.

எதிர்ப்பாற்றலே இல்லாத கூட்டத்தில் ஒருவர் சராசரியாக 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைப்பார். மனிதரைப் பிடிக்கும் நோய்களில் இவ்வளவு தொற்றும் ஆற்றல் உள்ளவை மிகக் குறைவு. எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு வந்துவிடும்.

செட்டிநாட்டுப் பழைய வீட்டைக் கண்முன் கொண்டு வந்தால் இது எளிதில் புரியும். நடுவே வானம் பார்த்த வளவு, சுற்றிலும் பத்தி, அதை ஒட்டி வரிசையாக அறைகள். வளவில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் மூச்சு மேலே கலைந்து போகும். அவரே வளவை ஒட்டிய அறை ஒன்றுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் காற்று அங்கேயே நிற்கும். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வரும் அந்த ஒரு நிமிஷம் போதும். குளிர்சாதனம் போட்டு ஜன்னலை அடைத்த கல்யாண மண்டபம் அதைவிட மோசம். நம் முன்னோர் வளவைக் கட்டியது வெயிலுக்கும் மழைநீருக்கும்தான், கிருமிக்காக அல்ல. ஆனாலும் இந்த நோய்க்கு அது நல்ல ஏற்பாடு.

அடுத்து, தொற்றும் காலம். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே நோயாளி மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். தோன்றிய பின் நான்கு நாள் வரை அது தொடரும். முதல் நான்கு நாளில் அவருக்கு இருப்பது காய்ச்சல், சளி, இருமல் மட்டும். வேலைக்குப் போவார், கல்யாணப் பந்தியில் உட்காருவார், படைப்புக்குக் கூடிய பங்காளிகளோடு ஒரே கூடத்தில் படுத்துத் தூங்குவார். வாசலில் வேப்பிலை செருகும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.

## பெரியவர்களுக்கு ஏன் வருகிறது

இதற்குப் பழைய சான்று டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளிலிருந்து வருகிறது. 1781இல் அங்கே தட்டம்மை பரவி ஓய்ந்தது. அதன்பின் 65 ஆண்டுகள் கிருமி எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு தச்சருக்கு நோய் கண்டது. சில மாதங்களில், ஏறத்தாழ 7,800 பேர் கொண்ட தீவுக் கூட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. பிள்ளைகள், குடும்பத் தலைவர்கள், மீனவர்கள், பாட்டிமார் என்று வயது பார்க்காமல் படுக்க வைத்தது.

அதை ஆராய அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் இரண்டு விஷயங்களைக் கண்டார். 1781இல் நோய் வந்து பிழைத்த கிழவர்களுக்கு 65 ஆண்டு கழித்தும் வரவில்லை. அதே வயதில், அன்று தப்பித்துக்கொண்ட கிழவர்களுக்கு இப்போது வந்தது. ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காப்பு, வராமல் தப்பித்தால் எந்த வயதிலும் ஆபத்து என்பது இங்கிருந்துதான் உறுதியானது.

1875இல் ஃபிஜித் தீவுகளில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே முன்பு தட்டம்மை வந்ததே இல்லை. சிட்னி போய்த் திரும்பிய அரச குடும்பத்தாரின் கப்பலோடு கிருமியும் வந்தது. ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லாரும் ஒரே நேரத்தில் விழுந்ததால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் ஆள் இல்லாமல் போனது சாவுகளைப் பெருக்கியது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒருவர் எந்த வருஷம் பிறந்தார் என்பதை வைத்தே அவருடைய நிலையை ஓரளவு ஊகிக்கலாம்.

1. 1985க்கு முன் பிறந்தவர்கள். அந்த ஆண்டுதான் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே நோய் வந்துபோயிருக்கும். இன்றைய ஐயாக்களும் ஆச்சிகளும் இந்த நோயைப் பொறுத்தவரை வீட்டில் மற்ற எல்லாரையும் விடப் பத்திரமானவர்கள். கொரோனாவோடு பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

2. 1985 முதல் ஏறத்தாழ 2001 வரை பிறந்தவர்கள். இடைவெளி இங்கேதான். திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியதால் முதல் ஆண்டுகளில் எல்லாருக்கும் ஊசி எட்டவில்லை. எட்டியவர்களுக்கும் ஒரே ஊசி, அதுவும் ஒன்பது மாத வயதில். அந்த வயதில் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். தடுப்பூசியில் உள்ள பலவீனப்படுத்திய கிருமியை அது வேலை செய்யவிடாமல் மடக்கிவிடும். அதனால் ஒன்பது மாதத்தில் போடும் ஒற்றை ஊசி ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் பிடிக்கிறது.

3. 2002க்குப் பின் பிறந்தவர்கள். 2010 முதல் இரண்டாவது ஊசி திட்டத்தில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா முகாம் முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான எல்லாருக்கும், முன்பு போட்டிருந்தாலும், பள்ளிகளில் ஊசி போட்டார்கள். அன்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1990இல் பிறந்த 1,000 குழந்தைகளில் 800 பேருக்கு ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் பிடித்தால் 680 பேருக்குக் காப்பு. மீதி 320 பேர். அன்று ஊரில் கிருமி இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் இவர்களில் பலருக்கு அப்போதே வந்துபோயிருக்கும். ஆனால் ஊசி போடுவது கூடக் கூட, கிருமி சுற்றுவது குறைந்தது. மிஞ்சியவர்கள் நோயும் வராமல், காப்பும் இல்லாமல் வளர்ந்துவிட்டார்கள். ஃபாரோ தீவில் 65 ஆண்டு நடந்தது இவர்களுக்குள் சிறிய அளவில் நடந்திருக்கிறது. தடுப்பூசி தோற்றதால் பெரியவர்களுக்கு வருகிறது என்ற பேச்சு இந்த இடத்தில்தான் பிசகுகிறது. ஊசி ஜெயித்து, நோயைப் பெரும்பாலும் விரட்டிவிட்டது. அந்த வெற்றியின் நிழலில் ஒதுங்கி நின்றவர்கள்தாம் மாட்டுகிறார்கள்.

இந்தக் கூட்டம்தான் இன்று வேலை பார்க்கும் கூட்டம், பயணம் செய்யும் கூட்டம். பர்மா, மலேயா என்று கப்பலேறிய ஊர் இது. இப்போது திருச்சியில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் சிங்கப்பூரும் கோலாலம்பூரும். தொற்றியதிலிருந்து தடிப்பு வர ஏறத்தாழ 14 நாள் ஆவதால், கிருமியைச் சுமந்து வருபவர் விமான நிலையத்தில் ஆரோக்கியமாகவே தெரிவார். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டே ஒழிந்ததாக அறிவித்த நோய் 2025இல் டெக்சாஸில் பெரிதாகப் பரவியது. பக்கத்து நியூ மெக்சிகோவில் இறந்தவர் தடுப்பூசி போடாத ஒரு பெரியவர். அங்கிருந்து ஒருவர் உறவினரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கானாடுகாத்தான் வருவதில் வியப்பு ஒன்றுமில்லை.

## நோய் நாள் நாளாக

1. முதல் 10 முதல் 12 நாள்: எதுவும் தெரியாது. கிருமி மூச்சுப்பாதையில் நுழைந்து, அங்குள்ள எதிர்ப்பு அணுக்களையே வண்டியாக்கிக்கொண்டு உடம்பு முழுக்கப் போகிறது.

2. அடுத்த 2 முதல் 4 நாள்: காய்ச்சல் படிப்படியாக ஏறி 40 டிகிரி செல்சியஸைத் தொடலாம், அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட். வறட்டு இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்து நீர் வடியும் கண்கள். வெளிச்சம் பட்டால் கண் கூசும். இருமல், மூக்கு, கண் இந்த மூன்றும் சேர்ந்து வருவதே பெரிய துப்பு. கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, செந்தரையில் உப்புத் தூள் சிந்தியது போல வெண்புள்ளிகள் தெரியலாம். 1896இல் இவற்றை விவரித்த நியூயார்க் குழந்தை மருத்துவரின் பெயரால் காப்ளிக் புள்ளிகள் என்பார்கள். தடிப்புக்கு முன்பே வருவதால் இவற்றைக் கண்டுகொண்டால் ஓரிரு நாள் மிச்சம். ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

3. தடிப்பு: காதுக்குப் பின்னாலும் நெற்றி மயிரோரத்திலும் தொடங்கும். மூன்று நாளில் முகம், கழுத்து, மார்பு, வயிறு, கை, கால் என்று கீழே இறங்கும். மாநிறம், கறுப்பு உடம்பில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். மணல்வாரி என்று பெயர் வைத்தவர் விரலால் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

4. இறக்கம்: தடிப்பு வந்த மூன்று நான்கு நாளில் காய்ச்சல் விடும். தடிப்பும் வந்த வரிசையிலேயே மங்கும். பழுப்பு நிறம் கொஞ்ச நாள் நின்று, தோல் தவிடு போல உதிரும். இருமல் மட்டும் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும்.

பெரியவர்களிடம் நோய் தவறாகக் கணிக்கப்படுவது இரண்டாம் கட்டத்தில். சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறார். நான்காம் நாள் உடம்பெல்லாம் தடிக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் முடிவு கட்டுகிறார்கள். அல்லது டெங்கு என்கிறார்கள். டெங்குவிலும் காய்ச்சலும் தடிப்பும் உண்டு, ஆனால் இருமலும் மூக்கொழுகலும் அதில் முன்னே நிற்பதில்லை. இரண்டில் எது என்று வீட்டிலிருந்தபடி தீர்மானிக்க முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

## சிக்கல்கள்

ஐந்து வயதுக்குக் கீழ், இருபது வயதுக்கு மேல் என்ற இரண்டு கரைகளிலும்தான் சிக்கல்கள் அதிகம். நடுவில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஓரளவு எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். அம்மா, அப்பா தலைமுறையின் "எங்களுக்கெல்லாம் வந்து தானா போச்சு" என்ற நினைவு அந்த நடு வயதின் நினைவு. முப்பது வயது மகனுக்கு அது பொருந்தாது.

நுரையீரல். தட்டம்மையில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது நிமோனியா. கிருமியே நுரையீரலைத் தாக்கலாம். அது திறந்துவிட்ட வாசல் வழியே பாக்டீரியாவும் புகலாம். தடிப்பு வந்து நான்கு நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை, அல்லது விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, பேச முடியாமல் திணறுதல் வந்தால் காத்திருக்கக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிப் பீரோவில் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டரை இப்போது எடுக்கலாம். 94க்குக் கீழே காட்டினால் உடனே மருத்துவமனை.

கல்லீரல். குழந்தைகளை விடப் பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் விஷயம் இது. ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். மஞ்சள் காமாலை வரை போவது குறைவு. ஆனால் காய்ச்சலுக்கு மணிக்கொரு தரம் பாராசிட்டமால் விழுங்குபவருக்கும், குடிப்பழக்கம் உள்ளவருக்கும் இது சிக்கலாகும்.

மூளை. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி வருகிறது, பெரும்பாலும் தடிப்பு தோன்றி ஒரு வாரத்துக்குள். கடும் தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, மாறிய பேச்சு. பிழைத்தவர்களிலும் பலருக்கு நிரந்தரப் பாதிப்பு மிஞ்சும். நம் ஊரில் இந்த இடம் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அம்மை போட்டவர் சம்பந்தமில்லாமல் பிதற்றினால் அதை அம்மன் வாக்காக எடுத்துக்கொண்டு கைகூப்பி நிற்க ஆள் உண்டு. கும்பிடலாம், ஆனால் கும்பிட்ட கையோடு 108க்குப் போன் போட வேண்டும். இன்னொரு மூளை நோயும் உண்டு. தட்டம்மை வந்து ஏழெட்டு ஆண்டு கழித்துத் தொடங்கி, மெல்ல அறிவையும் அசைவையும் பறித்து உயிரைக் கொல்லும். அது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களைத் தாக்குகிறது. பெரியவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு.

கண். சிவப்பதும் கூசுவதும் எல்லாருக்கும் உண்டு. கருவிழியில் புண் வந்தால் பார்வை போகலாம், அதுவும் வைட்டமின் ஏ குறைந்தவர்களுக்கு. கண்ணில் தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது இரண்டும் புண்ணில் வேறு கிருமியைச் சேர்க்கும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

கர்ப்பம். தட்டம்மை வந்த கர்ப்பிணிக்கு நிமோனியாவும் உயிராபத்தும் மற்றப் பெண்களை விட அதிகம். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவையும் நேரலாம். ருபெல்லாவைப் போலக் கருவுக்கு ஊனம் தரும் என்று தட்டம்மை மீது சான்று இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அம்மை வந்ததாலேயே கருவைக் கலைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவெடுப்பது தவறு. எந்தக் கிருமி என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேச்சே.

எதிர்ப்பாற்றலின் மறதி. சிக்கல்களில் மிக விசித்திரமானது இதுதான். நம் உடம்பு இதுவரை கண்ட கிருமிகளையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் உண்டு. தட்டம்மைக் கிருமி குறிவைத்து நுழைவது அந்த அணுக்களுக்குள். 2019இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போடாத டச்சுக் குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் அழிந்திருந்தது. பழைய கணக்குப் புத்தகத்தில் கரையான் அரித்த மாதிரி, எந்தப் பக்கம் போனது என்று உடனே தெரியாது. தடிப்பு மறைந்த பல மாதங்களுக்கு மற்ற நோய்கள் எளிதில் பிடிக்கும்.

காசநோய் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1908இலேயே ஆஸ்திரிய மருத்துவர் க்ளெமென்ஸ் வான் பிர்க்கே, தட்டம்மையின்போது காசநோய்த் தோல் பரிசோதனை, உடம்பில் காசக் கிருமி இருந்தும் காட்டாமல் போவதைப் பதிவு செய்தார். உடம்பின் காவல் அந்த நாள்களில் தளர்ந்துவிடுவதன் அடையாளம் அது. உடம்புக்குள் காசக் கிருமி உறங்கும் பெரியவர்கள் நம் நாட்டில் ஏராளம். தட்டம்மைக்குப் பின் மூன்று வாரம் கடந்தும் இருமல் நிற்காவிட்டால் சளிப் பரிசோதனை செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இவை தவிர வயிற்றுப்போக்கும் காதுச் சீழும் உண்டு. பெரியவர் அவற்றைச் சமாளித்துவிடுவார், உப்புச்சர்க்கரைக் கரைசல் மறக்காமல் குடித்தால்.

தனியாகச் சொல்ல வேண்டியவர்கள்: புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர். இவர்களுக்குத் தடிப்பே வராமல் நேராக நிமோனியா வரலாம்.

## வேப்பிலைக்குள் எது சரி, எது ஆபத்து

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி–பங்குனியில் திருவிழா. அம்மை நோய்கள் தலைதூக்குவதும் ஏறத்தாழ இதே பருவம். நம் வழக்கங்களில் மருத்துவம் ஒப்புக்கொள்ளும் பகுதி பெரிது. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டுக்காரரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார். இதைவிட எளிய தனிமைப்படுத்தல் இல்லை. இளநீர், மோர், கூழ் என்று குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் நல்லதே. தாளிக்கும் புகை இல்லாத வீட்டில் இருமல் கொஞ்சம் அடங்கும். வேப்பிலை கிருமியைக் கொல்லும் என்பதற்குச் சான்றில்லை, அரிப்புக்கு இதமாகத் தடவிக்கொடுப்பதில் கெடுதலும் இல்லை.

ஆபத்து இரண்டு இடத்தில். ஒன்று, அம்மை போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, ஊசி குத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு. இன்னொன்று, மூன்று தண்ணீர் ஊற்றும் வரை பொறுத்திருப்பது. நிமோனியாவும் மூளை அழற்சியும் தலைகாட்டும் நாள்களும் தண்ணீர் ஊற்றக் காத்திருக்கும் நாள்களும் ஒன்றாகவே விழுகின்றன. முட்டை, கீரை, பருப்பை அடியோடு நிறுத்துவதும் தேவையற்றது. காய்ச்சலில் உருகும் பெரிய உடம்புக்குச் சத்து வேண்டும்.

## பரிசோதனையும் சிகிச்சையும்

ரத்தத்தில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் பரிசோதனை. தடிப்பு வந்த முதல் மூன்று நாளில் அது சிலருக்கு இல்லை என்றே காட்டும். ஒருமுறை இல்லை என்று வந்ததால் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது. தொண்டையில் குச்சியால் எடுக்கும் மாதிரியில் பி.சி.ஆர். செய்தால் கிருமியையே பிடிக்கலாம். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் போனில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. புறநோயாளிக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்குப் பக்கத்தில் உட்காருவதுதான் நடக்கக் கூடாதது.

கிருமியைக் கொல்லும் நேரடி மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து, நீர்ச்சத்து, ஓய்வு, சிக்கல் வந்தால் அதற்குரிய சிகிச்சை. பாக்டீரியா சேர்ந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக். வைட்டமின் ஏ குழந்தைகளின் உயிரிழப்பைக் குறைப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. பெரியவர்களுக்கும் மருத்துவர் பார்த்துக் கொடுக்கலாம். கடையில் தானாக வாங்கி விழுங்கும் சமாசாரம் அல்ல. 2025 டெக்சாஸ் பரவலின்போது வீட்டிலேயே அளவு மீறிக் கொடுத்துக் கல்லீரல் பாதிப்போடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். கர்ப்பிணிக்கு அதிக அளவு கருவையே கெடுக்கும்.

## ஊசி: யாருக்கு, எப்போது

இரண்டு ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 97 சதவீதம் பேருக்குக் காப்பு கிடைக்கிறது. பெரியவர்களுக்கு அரசின் வழக்கமான திட்டத்தில் இந்த ஊசி இல்லை. பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசியைத் தனியார் மருத்துவமனைகளில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊசிக்கும் நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். ஏற்கெனவே எதிர்ப்பு இருந்து போட்டுக்கொண்டாலும் கெடுதல் இல்லை. ஆகவே, பழைய அட்டை தொலைந்துபோனவர் ரத்தப் பரிசோதனைக்கு அலையாமல் நேராக ஊசிக்கே போகலாம்.

முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் என்று நான் வரிசைப்படுத்துவது: மருத்துவமனை ஊழியர்கள், கல்லூரி விடுதியில் சேர்பவர்கள், வெளிநாடு போய்வருபவர்கள், பிள்ளை பெற நினைக்கும் பெண்கள். கடைசியாகச் சொன்னவர்கள் ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமி என்பதால் கர்ப்பிணிக்கும் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவருக்கும் இதைப் போடக் கூடாது. அவர்களுக்குக் காப்பு, கூட இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்ட பிறகும் வழி முழுதாக அடைபடவில்லை. அவரோடு பழகியவருக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கலாம், அல்லது மட்டுப்படுத்தலாம். ஊசி போடக் கூடாத கர்ப்பிணிக்கு ஆறு நாளுக்குள் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் கொடுக்க முடியும். இந்த நாள்கள் எண்ணப்படுவது தடிப்பு தெரிந்த நாளிலிருந்து அல்ல, நோயாளியோடு ஒரே காற்றைச் சுவாசித்த நாளிலிருந்து. கல்யாண வீட்டில் கூட உட்கார்ந்த உறவினருக்குத் தட்டம்மை என்று போன் வந்தால், பந்தியில் உட்கார்ந்தது எந்த நாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.